ஏழாம் லோகத்து விதி

அங்க இல்லீங்க, உங்க செருப்புக்குப் பக்கத்துல. ஆமாங்க, அதுதான். எடுத்துக் குடுத்துருங்க, புண்ணியமாப் போகும். மடியில இந்தப் பையை வெச்சுக்கிட்டுக் குனிய முடியலீங்க.

தாயக்கட்டையான்னு கேக்கறீங்களா? கிட்டத்தட்ட அப்படித்தானுங்க. ஆனா இதுக்கு இருபது முகம், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நம்பர். சூதாட்டம் இல்லீங்க, அப்படிப் பாக்காதீங்க. இதுல ஜெயிக்கறது தோக்கறதுன்னே ஒண்ணு கிடையாது.

ஈரோடுதானே போறீங்க? நானும் அங்கதான். பஸ்ஸு இன்னும் அவிநாசிகூட வரல, சொல்றேன் கேளுங்க. மூணு நாலு பேரு ஒரு மேசையைச் சுத்தி உக்காந்துக்குவோம். ஒருத்தன் கதையை நடத்துவான், மத்தவங்களுக்கு அதுல ஆளுக்கொரு வேஷம். நீங்க ஒரு குகை வாசல்ல நிக்கறீங்க, உள்ள ஏதோ மூச்சு விடற சத்தம் கேக்குது, என்ன பண்றீங்கன்னு நான் கேப்பேன். ஓடறேன்னு ஒருத்தன் சொல்வான். கத்தியை உருவறேன்னு இன்னொருத்தன் சொல்வான். நெனச்சது நடக்குதா இல்லையான்னு இந்தப் பகடை சொல்லும். அவ்வளவுதானுங்க. குழந்தைங்க சொப்பு வெச்சு விளையாடற மாதிரிதான், விளையாடறவங்களுக்குக் கொஞ்சம் முடி நரைச்சிருக்கும்.

கதை நடத்தறவன் நான். பேரு மயில்சாமி. கோயமுத்தூர்ல பம்பு கம்பெனியில டிராயிங் போடறேன். ஆனா கேட்டீங்கன்னா என் வேலை அது இல்லீங்க. என் வேலை லோகம் பண்றது. சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். இந்த ஆட்டத்துல ஆளுங்க ஒரு லோகத்துலேர்ந்து இன்னொரு லோகத்துக்குப் போவாங்க. அந்த லோகத்தையெல்லாம் யாராச்சும் பண்ணணுமில்லீங்களா? இந்தப் பையில இருக்கற நோட்டுப் பூரா அதுதான். ஏழு லோகம்.

லோகம் பண்றதுன்னா மலையும் ஆறும் வரையறதுன்னு நெனச்சுக்குவாங்க. அதை எவன் வேணாலும் வரையலாம். விதி எழுதணுமுங்க. அந்த இடத்துல எது நடக்கும், எது எந்தக் காலத்துலயும் நடக்காது, அதுதான் லோகம். எழுதிட்டா மாத்தக் கூடாது. பம்புல அரை மில்லிமீட்டர் தப்புனா தண்ணி ஏறாது. இதுவும் அப்படித்தான்.

மூணாவது லோகத்துல ஒரு விதி இருக்குது. மனசுல கவலை எவ்வளவோ அவ்வளவுதான் உடம்போட கனம். எல்லாரும் தரையைத் தேச்சுக்கிட்டு நடப்பாங்க. சம்பத் மட்டும் மேல போயிட்டான். கால்ல கயிறு கட்டி இழுத்துட்டுப் போனோம். அந்த ஒரு லோகத்தைத் தாண்ட எங்களுக்கு ஆறு ஞாயித்துக்கிழமை ஆச்சுங்க, ஆறு வாரமும் அவன் மேல மெதந்துக்கிட்டே, கீழ எங்கயாச்சும் சாப்பாட்டுக்கடை தெரியுதான்னு பாத்துச் சொன்னான்.

சம்பத் யாருன்னு சொல்லலையே. என் கூட்டாளிங்க. பாலிடெக்னிக்ல ஒண்ணாப் படிச்சோம். அவன் ஒரு மில்லுல மெயின்டனன்ஸ் பாத்துட்டு இருந்தான். ஆட்டத்துல அவன் வேஷம் ஒரு திருடன். வெட்டுக்கிளின்னு பேரு வெச்சுக்கிட்டான். அரக்கன் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினாலும், ரெண்டு பணியாரம் கிடைக்குங்களான்னு கேப்பான். ஒரு சங்கதியைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவனே சிரிச்சுருவான். பாதிக்கு மேல என்ன சொன்னான்னே யாருக்கும் புரியாது, ஆனா எல்லாரும் சிரிச்சிட்டு இருப்போம். நானு, அவன், செல்போன் ரிப்பேர் பண்ற ஜாபர், மூணு பேர்தான். ஏழு வருசம், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் விட்டது கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆகலீங்க, வீட்டுல நான் ஒருத்தன்தான், அதனால மேசை எங்க வீட்டுலதான்.

அவன் போயிட்டானுங்க. முப்பத்தெட்டு வயசு. காலையில மில்லுக்குப் போனான், பத்து மணிக்கு எனக்குப் போன் வருது, நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுருச்சு. நெஞ்சு. முந்தின வாரம்தான் கேட்டேன், ஏன்டா ஒரு மாதிரி இருக்கேன்னு. ஒண்ணுமில்லடா, நல்லாத்தான் இருக்கேன்னான். என்கிட்டயே பொய் சொன்னான் பாருங்க.

எங்க ஆட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் ஒரு வாரம் வர முடியலைன்னா, அவன் வேஷத்தைக் கதை நடத்தறவன் பாத்துக்குவான். அவனுக்காக அவனை மாதிரியே பேசுவான். காரியமெல்லாம் முடிஞ்சு ஜாபர் வந்து உக்காந்து, இனி வெட்டுக்கிளியை என்ன பண்றதுன்னு கேட்டு அழுதான். வெட்டுக்கிளி சாகலடா, ஏழாம் லோகத்துல இருக்கறான்னு நான் சொன்னேன். சொல்றப்ப ஏழாம் லோகமே கிடையாது. அப்புறம்தான் எழுதினேன். நாப்பது நாள் ஆச்சு. நான் பண்ணதுலயே நல்லாப் பண்ணது அதுதானுங்க, எங்க வேணாலும் சொல்வேன்.

இறந்தவங்க இருக்கற எடம் அது. இருட்டு, நெருப்பு, எருமை, அதெல்லாம் கிடையாது. சாயந்தரம் நாலு மணி வெயில் அப்படியே நிக்கும். விதி மூணே மூணுதான். உசிரோட இருக்கறவங்க ஒரு மணி நேரத்துக்கு மேல அங்க நிக்க முடியாது. அங்கிருந்து ஒண்ணையும் எடுத்துட்டு வர முடியாது. அங்க இருக்கறவங்களுக்குப் பொய் சொல்ல வராது. மூணாவது எதுக்கு எழுதினேன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னானே, அந்தக் கோவம்.

ரேணுகா வந்தது அதுக்கப்புறந்தான். சம்பத்தோட சம்சாரம். வீட்டுல கெடந்த பகடையை எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்துச்சு. அவருக்குப் பிடிச்சது, உங்ககிட்டயே இருக்கட்டுங்ணான்னுச்சு. நாங்க ஆட்டத்துல இருந்தோம். நான் வெட்டுக்கிளியாப் பேசிட்டு இருந்தேன். இந்த லோகத்துல எல்லாம் இருக்குது, பணியாரச் சட்டிதான் இல்லைன்னு சொல்லி, முடிக்கறதுக்குள்ள சிரிச்சேன், அவனை மாதிரியே. கதவுகிட்ட நின்ன புள்ள பேய் அறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. அப்புறம் அதுவும் சிரிச்சுது. சிரிச்சுட்டு அப்படியே அங்க இருந்த நாற்காலியில உக்காந்துருச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அதுவா வந்துச்சு. நானும் ஆடட்டுங்களாண்ணான்னு கேட்டுச்சு. அண்ணான்னுதான் கூப்பிடும், எப்பவும் அண்ணாதான். உன் வேஷத்துக்குப் பேரு என்ன எழுதறதுன்னு கேட்டேன். ரேணுகான்னே எழுதிக்கங்கன்னுச்சு. அப்படியெல்லாம் எழுதக் கூடாதுன்னு விளக்கிச் சொன்னேன். கேக்கல. சரின்னு விட்டுட்டேன்.

ஆட்டம்னா அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மத்த ஆறு லோகத்துலயும் சும்மா உக்காந்திருக்கும். பூதம் வந்து நின்னாலும், நீங்களே பாத்துக்கங்கன்னுரும். ஏழாவது வந்தாத்தான் நிமிந்து உக்காரும். அங்க போயி என்ன கேக்கும்கறீங்க? சாப்பிட்டீங்களான்னு கேக்கும். கேஸ் புக்கை எங்க வெச்சீங்கன்னு கேக்கும். இங்க அடுப்பே இல்ல ரேணு, கேஸ் புக்குக்கு நான் எங்க போவேன்னு நான் சொல்வேன். நான்னா, வெட்டுக்கிளி. சிரிக்கும். கண்ணு தொடைச்சுக்கும். ஒரு மணி நேரம் ஆனா அதுவே எந்திரிச்சு, வர்றேங்ணான்னு பையை எடுத்துக்கும்.

ஒரு வருசத்துக்கு மேல அப்படி ஓடுச்சுங்க. ஃபேனுக்கு நேராக் கெடந்த நாற்காலியை அதுக்குன்னே ஆக்கிட்டேன். முதுகு வலிக்குதுன்னு ஒரு நாள் சொல்லுச்சு, மெத்தை ஒண்ணு வாங்கிப் போட்டேன். சனிக்கிழமையானா வீட்டைக் கழுவி விட்டுருவேன். தப்பா ஒரு நெனப்பு கிடையாதுங்க. அண்ணாங்கற புள்ளகிட்ட என்ன நெனப்பு வரும்? அது வர்ற பஸ்ஸு ரெண்டே கால் மணிக்கு. பத்து நிமிசம் லேட்டானா எனக்கு ஒரு வேலையும் ஓடாது. கூட்டாளி சம்சாரமாச்சே, நல்லபடியா வந்து சேரணுமேங்கற கவலைதான்.

அப்பத்தான் அவங்க அண்ணன் ஈரோட்டுலேர்ந்து ஒரு வரன் கொண்டு வந்தாரு. அவருக்கும் சம்சாரம் தவறிப் போச்சு. ஸ்கூல்ல லேப் அசிஸ்டெண்ட். எட்டு வயசுல ஒரு பொண்ணு. நல்ல மனுசன்னு ஜாபர்கூட விசாரிச்சுட்டு வந்து சொன்னான். ரேணுகா பாத்துச்சு, பேசுச்சு, ஒரு வாரம் டைம் குடுங்கன்னு கேட்டுச்சு. ஞாயித்துக்கிழமை நேரா எங்க வீட்டுக்கு வந்துச்சு. பையைக்கூடக் கீழ வெக்கல. ஏழாம் லோகத்துக்குப் போகணுங்ணான்னுச்சு.

போனோம். நாலு மணி வெயில்ல வெட்டுக்கிளி உக்காந்திருக்கான். ரேணுகா அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுச்சு. அந்த மனுசன் பேரு, அந்தக் குழந்தை முகம் கழுவாம வந்து நின்னது, எல்லாம். சொல்லிட்டு, நான் என்ன பண்ணட்டும் நீங்களே சொல்லுங்கன்னுச்சு.

வெட்டுக்கிளி, "வேண்டாம் ரேணு. நீ போயிட்டா இங்க என்னைப் பாக்க யாரு வருவாங்க?"ன்னான்.

அவ்வளவுதான் சொன்னான். சிரிக்கலை. ரேணுகா சரிங்கன்னுச்சு. அன்னைக்குச் சாயந்தரமே அவங்க அண்ணனுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிருச்சு. அந்த லேப் அசிஸ்டெண்டுக்குத் தை மாசம் வேற எடத்துல கல்யாணம் ஆச்சு.

ஜாபர் போறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு என்னைக் கேட்டான். மயிலு, அது சம்பத் சொன்னதா நீ சொன்னதான்னு. இந்த மாதிரி கேக்கறவனுக்கு ஆட்டமே புரியலைன்னு அர்த்தம். விதி தெரியாதவன் என் மேசைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன். வரல. இத்தனை வருசக் கூட்டாளி, ஒரு வார்த்தைக்கு வராமப் போயிட்டான் பாருங்க. ரெண்டு பேரை வெச்சும் ஆடலாமுங்க, ஆட்டத்துல அதுக்கு எடம் இருக்குது.

இந்த ஆடிக்கு ரெண்டாவது தெவசம் வந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை ரேணுகா ஒரு மாதிரியா வந்துச்சு. ஏழாம் லோகம். வெட்டுக்கிளிகிட்டப் போய் நின்னுக்கிட்டு, "அன்னைக்குக் காலையில கடைசியா எங்கிட்ட என்ன சொன்னீங்க?"ன்னு கேட்டுச்சு.

நான் யோசிக்கவே இல்லீங்க. எந்த வீட்டுலயும் சொல்றதுதானே. "பத்திரமாப் போயிட்டு வா ரேணு, சாயந்தரம் சீக்கிரம் வந்துருவேன்னு சொன்னேன்"னான் வெட்டுக்கிளி.

அந்தப் புள்ள என் நோட்டை அதுபக்கம் இழுத்துச்சு. ஏழாம் லோகத்துப் பக்கத்தை எடுத்து மூணாவது விதி மேல வெரலை வெச்சுச்சு.

"அன்னைக்கு அவரு தூங்கிட்டு இருந்தாருங்ணா. எனக்கு வேலைக்கு ஆறரை பஸ்ஸு. எழுப்பாமக் கிளம்பிட்டேன். ஒரு வார்த்தை பேசாம வந்துட்டனேன்னுதான் ரெண்டு வருசமாச் செத்துட்டு இருக்கறேன். இங்க இருக்கறவங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு நீங்கதானே எழுதினீங்க? அப்ப இது அவரு இல்ல."

நான் நோட்டை மூடப் போனேன், அது வெரலை எடுக்கல.

"வேண்டாம்னு சொன்னதும் அவரு இல்ல"ன்னுச்சு.

அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? இது விளையாட்டுதானே ரேணுகான்னேன். இத்தனை வருசமா எவன் இதை விளையாட்டுன்னு சொன்னாலும் சண்டைக்குப் போனவன் நான். என் வாயாலயே சொன்னேன். அது எந்திரிச்சுச்சு. வர்றேங்ணான்னு சொல்லல. அடுத்த வாரம் ரெண்டே கால் பஸ்ஸு வந்துச்சு, போச்சு. அதுக்கடுத்த வாரமும் போச்சு. அப்புறம் கேள்விப்பட்டேன், வேலையை விட்டுட்டு ஈரோட்டுல அண்ணன் வீட்டுக்குப் போயிருச்சாமா.

ஒரே ஒரு பதிலுங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருசம் எத்தனை கேள்வி, எத்தனை பதில். அதெல்லாம் கணக்கில்லாமப் போச்சு, ஒண்ணு தப்பினதுக்கு இவ்வளவு. எனக்கு மனசு ஆறமாட்டேங்குதுங்க. அது வந்து அந்த நாற்காலியில உக்காரணும். வேற ஒண்ணும் வேண்டாம், ஒரு மணி நேரம் உக்காந்தாப் போதும். அது வராம எனக்கு ஞாயித்துக்கிழமையே இல்லைங்க.

அதனாலதான் விதியைத் திருத்திட்டேன். எழுதினதை நான் இதுவரைக்கும் திருத்தினதே இல்ல. இதோ, பாருங்க. அங்க இருக்கறவங்களுக்குப் பொய் சொல்ல வராது, ஆனா மறதி வரும். அவ்வளவுதான் சேத்தேன். இப்ப எல்லாம் சரியாயிருச்சுல்லீங்களா? வெட்டுக்கிளிக்கு அன்னைக்குக் காலையில நடந்தது மறந்து போச்சு, அதனால தப்பாச் சொல்லிட்டான். அப்படின்னா முன்னாடி சொன்னதும் பொய் ஆகாது. லோகம் உடையாம நிக்குது. ரெண்டு நாள் யோசிச்சு எழுதினதுங்க.

ஏன் இப்படிப் பாக்கறீங்க?

சம்பத் என்ன சொல்லியிருப்பானா? இருந்திருந்தாவா? அவன்... அவன் என்னங்க, போ ரேணு, அந்தாளுக்குச் சமைக்கத் தெரியுமான்னு மட்டும் கேட்டுக்கன்னு சொல்லி, பாதியிலயே சிரிச்சிருப்பான். எனக்குத் தெரியாதுங்களா? இருபது வருசம் கூட இருந்தவன். அன்னைக்கு அந்தப் புள்ள கேட்டப்பவே அதுதான் மனசுல வந்துச்சு. வாய் வரைக்கும் வந்துச்சுங்க. ரேணுகா பையைக் கீழ வெக்காம நிக்குது. அந்தப் பையோட அப்படியே போயிரும்னு தோணுச்சு. வேற வார்த்தை வந்துருச்சு.

பெருந்துறை தாண்டிட்டமா? இல்லையா, சரி.

நானா இப்ப அதைப் பாக்கப் போகல. அதுதான் போன் பண்ணுச்சு. போன ஞாயித்துக்கிழமை, ரெண்டே காலுக்கு. மூணு மாசம் கழிச்சு. அண்ணான்னுதான் ஆரம்பிச்சுது. அவரு பேசுன வீடியோ, ரெக்கார்டு, ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குங்களாண்ணான்னு கேட்டுச்சு. கல்யாண வீடியோவுல பூரா சினிமாப் பாட்டுத்தான் போட்டு வெச்சிருக்காங்களாம், ஒருத்தர் பேசறதும் கேக்கல. அவன் வாயைத் தொறந்து என்னமோ சொல்லிச் சிரிக்கறான், மேல பாட்டு ஓடுது. அவன் போனு அப்பவே கெட்டுப் போச்சு. எதுக்கும்மா இப்பன்னு கேட்டேன்.

"அவரு எப்படிப் பேசுவாருன்னு மறந்து போச்சுங்ணா. கண்ணை மூடிக் கேட்டுப் பாத்தாலும் உங்க குரல்தான் வருது"ன்னுச்சு.

உங்ககிட்ட எதுக்குங்க மறைக்கணும். அதைக் கேட்டப்ப ஒரு நிமிசம் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ஒரே ஒரு நிமிசம். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் அழற சத்தம் கேட்டுச்சு.

தேடறேன்னு சொன்னேன். தேடினேனுங்க. ஒண்ணும் இல்ல. ஆட்டம் நடக்கறப்ப போனை அணைச்சு அடுத்த ரூமுல வெச்சுரணும்னு நான்தான் கண்டிசன் போட்டிருந்தேன். ஏழு வருசம் வாராவாரம் மூணு மணி நேரம் பேசினான், ஒரு வார்த்தை எங்கயும் பதிவாகலை. ஜாபர் வீட்டு வாசல்ல போயி நின்னேன். அவனும் தேடிப் பாத்தான். அவன்கிட்டயும் இல்ல.

சரி, வெறுங்கையோட எப்படிப் போறது, கடைசியா ஒரு தடவை நானே பேசிக் காட்டிரலாம்னு நெனச்சேன். விதியைக் காட்டறது, பேசறது, வந்துர்றது. நேத்து வீட்டுல உக்காந்து பேசிப் பாத்தேனுங்க. பணியாரம் கிடைக்குங்களான்னு சொல்லிப் பாத்தேன். பாதியில சிரிச்சுப் பாத்தேன். அவன் இப்படியா சொல்வான், இன்னும் கொஞ்சம் மூக்கால சொல்வானான்னு திரும்பத் திரும்பச் சொன்னேன். சாயந்தரம் வரைக்கும் சொன்னேன்.

எனக்கும் அவன் குரல் வரலீங்க.